கிஷோரி அமோன்கரின் பூப் இராகம்

திருகோணமலையில் கோணேசர் கோயில் திருவிழாக்களின் நாதஸ்வரத்தில் மோகனம் கேட்டு வளர்ந்த என் காதுக்கு, அதே ஐந்து சுரங்களில் அமையும் இந்துஸ்தானி இராகமான பூப்பைப் பாடகி கிஷோரி அமோன்கர் (1932–2017) பாடும் விதம் வேறோர் உலகமாகவே படுகிறது. ஜெய்ப்பூர்–அத்ரௌலி என்னும் இந்துஸ்தானி இசை மரபில் தாயார் மோகுபாய் குர்திகரிடம் பயின்ற அவர், தான்கள் என்னும் துரிதச் சுரக்கோவைகளுக்கு விரையாமல், ரிஷபத்திலிருந்து மெல்ல இழுத்துக் காந்தாரத்தைத் தொட்டு, பஞ்சமத்தை எட்டிப் பார்த்துவிட்டு, மீண்டும் காந்தாரத்திலேயே வந்து அமர்கிறார். பூப்பின் வாதி சுரம், அதாவது முதன்மைச் சுரம், காந்தாரம். தைவதத்தை முதன்மையாக்கினால் இதே சுரங்கள் தேஷ்கார் என்னும் வேறோர் இராகம் ஆகிவிடும் என்பதால், அந்த நிதானமே இராகத்தின் அடையாளத்தைக் காக்கிறது. மரபை மீறினார் என்று அவரைக் குறை கூறியோரும் உண்டு. எனக்கோ அந்த மீறல்தான் அவருடைய இசையின் உயிர்.