மெதோட்ரெக்சேட் கைவிட்ட பிறகு எந்த மருந்து?

உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்கி வீங்கவைக்கும் முடக்குவாதத்துக்கு (ரூமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ்) வழக்கமாக முதலில் கொடுக்கும் மருந்தான மெதோட்ரெக்சேட்டை எடுக்கும் எல்லாருக்கும் அது எக்காலமும் கைகொடுப்பதில்லை. சிலருக்குத் தொடக்கத்திலேயே போதிய பலன் கிடைப்பதில்லை. இன்னும் சிலருக்கு, என்னைப்போல், சில ஆண்டுகள் நோயை அடக்கி வைத்திருந்த மருந்து மெல்ல மெல்லப் பிடியை விடுகிறது. காலையில் விரல்களை மடக்க நெடுநேரம் எடுக்கத் தொடங்கியது. இடியப்ப உரலை இரண்டு கைகளாலும் அழுத்தியும் மாவு இறங்கவில்லை. அடுத்து என்ன மருந்து என்று யாழ்ப்பாணத்தில் என்னைப்போல் கிளினிக் கொப்பியோடு காத்திருக்கும் பலரும் கேட்கிறார்கள். என் மருத்துவரிடம் கேட்டவற்றையும் அதன்பின் தேடி வாசித்தவற்றையும் அவர்களுக்காகவே எழுதுகிறேன். இது மருத்துவ ஆலோசனை அன்று. உங்கள் மருத்துவரோடு பேசுவதற்கு உதவினால் போதும்.

மருந்தை மாற்றுவதற்கு முன், அது உண்மையிலேயே தோற்றுவிட்டதா என்பதை உறுதிசெய்ய வேண்டும். மெதோட்ரெக்சேட்டை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும், தேவைக்கேற்ப 25 மில்லிகிராம் வரை கொடுக்கலாம். ஆனால் 15 மில்லிகிராமுக்கு மேல் போகும்போது குளிசையாக விழுங்கும் மருந்தைக் குடல் முழுமையாக உறிஞ்சுவதில்லை; அதே அளவைத் தோலுக்குக் கீழே ஊசியாகப் போட்டால் கூடுதலாக உடலில் சேர்கிறது, குமட்டலும் சிலருக்குக் குறைகிறது. ஆகவே, குறைந்த அளவில் குளிசை எடுத்துக்கொண்டிருப்பவர் ‘இந்த மருந்து எனக்குச் சரிவரவில்லை’ என்று முடிவுகட்டுவதற்கு முன் அளவையும் வழியையும் பற்றிக் கேட்டுப் பார்ப்பது நல்லது. வலிக்கு வேறு காரணம் இருக்கிறதா என்பதும் முக்கியம். முழங்கால் தேய்மானமும், சிக்குன்குனியா வந்துபோன பின் மாதக்கணக்கில் நீடிக்கும் மூட்டுவலியும் முடக்குவாதத்தின் சீற்றம்போலவே தோன்றும். அவற்றுக்கு மேலும் வலுவான மருந்தை ஏற்றுவதால் பயனில்லை.

இதனைத் தெரிந்துகொள்ளத்தான் மருத்துவர் மூட்டுகளை எண்ணுகிறார். தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் மூட்டுகள், முழங்கால் என 28 மூட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டு, தன் பெருவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு மட்டும் அழுத்தி, வலிக்கிறதா, வீங்கியிருக்கிறதா என்று குறிக்கிறார். அந்த எண்ணிக்கையோடு, குருதியில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. அளவையும் நம் நோய் எப்படி இருக்கிறது என்று நாமே கொடுக்கும் மதிப்பையும் சேர்த்தால் ஒரு புள்ளி கிடைக்கிறது: 2.6க்குக் கீழ் என்றால் நோய் தணிந்திருக்கிறது, 5.1க்கு மேல் என்றால் கடுமையாக இருக்கிறது. பாதங்களும் கணுக்கால்களும் இந்த 28இல் சேர்வதில்லை. ஆகவே பாதம் வீங்கியிருந்தால் செருப்பைக் கழற்றிக் காட்டிவிடுங்கள்.

கோர்ட்டிசோன் வகை ஸ்டீரொய்ட் மருந்தான பிரெட்னிசொலோனைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச்சும் அவரது குழுவினரும் ஒரு முடக்குவாத நோயாளிக்குக் கோர்ட்டிசோன் கொடுத்தபோது, சில நாட்களுக்குள் அவர் எழுந்து நடந்தார். 1950இல் நோபல் பரிசும் வந்தது. அந்த விரைவுதான் ஆபத்தும்கூட. புதிய மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரையான சில வாரங்களுக்கு அது அருமையான துணை. ஆனால் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அதிலேயே நின்றால் எலும்பு மெலிகிறது, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன, தொற்றுகள் எளிதில் பிடிக்கின்றன. பிரெட்னிசொலோனைக் குறைக்கும்போதெல்லாம் மூட்டுகள் வீங்குகின்றன என்றால், அடிப்படை மருந்து போதவில்லை என்றே கொள்ள வேண்டும்.

அடுத்த படி, நம் நாட்டு நிலையில் நான் முதலில் வைப்பது, மும்மருந்துச் சிகிச்சை: மெதோட்ரெக்சேட்டை நிறுத்தாமல் அதோடு சல்பசலசினையும் ஹைட்ரொக்சிகுளோரோகுயினையும் சேர்ப்பது. இது ஏழைகளுக்கென ஒதுக்கிய இரண்டாந்தர வழி என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியன்று. மெதோட்ரெக்சேட் போதாமற்போன 353 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மும்மருந்தும் மற்றப் பிரிவினருக்கு மெதோட்ரெக்சேட்டோடு எட்டனெர்செப்ட் ஊசியும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013இல் வெளியானது. 24ஆவது வாரத்தில் முன்னேற்றம் இல்லாதவர்களை மறுபக்கத்துக்கு மாற்றினார்கள். இரு பிரிவிலும் ஏறத்தாழ 27 சதவீதத்தினருக்கே அந்த மாற்றம் தேவைப்பட்டது. 48 வாரங்களின் முடிவில் மும்மருந்து, விலையுயர்ந்த ஊசிக்குக் குறைந்ததாக இருக்கவில்லை. குறை என்னவென்றால் குளிசைகளின் எண்ணிக்கை அதிகம், பலன் தெரியப் பொறுமையும் வேண்டும். சல்பா ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சல்பசலசின் ஆகாது. மற்றவர்களுக்குச் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகலாம், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஹைட்ரொக்சிகுளோரோகுயினுக்குக் கண் பரிசோதனை அவசியம். லெஃப்ளுனோமைட்டும் ஒரு வழிதான். ஆனால் வயிற்றோட்டமும் இரத்த அழுத்த உயர்வும் வரலாம், ஈரலைக் கவனிக்க வேண்டும், நிறுத்திய பின்னும் நெடுங்காலம் உடலில் தங்கிவிடும். குழந்தை பெற எண்ணும் பெண்கள் மெதோட்ரெக்சேட், லெஃப்ளுனோமைட் இரண்டையும் பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் பேசியாக வேண்டும். கருவுற்ற பின் பேசுவது பிந்திவிடும்.

அடுத்தது உயிரியல் மருந்துகள், அதாவது உயிருள்ள செல்களில் உருவாக்கி ஊசியாகப் போடும் புரத மருந்துகள். அவற்றின் பெயரைச் சொன்னதும் பக்கத்து வீட்டு அன்ரி, “பிள்ளை, உந்த ஊசியைத் தொடங்கினால் பிறகு விடேலாதாம்” என்றார். அந்தப் பயம் ஊரில் பரவலாக உண்டு. அவை போதைப் பழக்கம்போல் பிடிப்பவை அல்ல; நிறுத்தினால் அடங்கியிருந்த நோய் திரும்பக்கூடும், அவ்வளவே. இவற்றுள் மூத்தவை, டி.என்.எஃப். என்னும் அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் டி.என்.எஃப். தடுப்பிகள்: எட்டனெர்செப்ட், இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப். இவை உள்ளே உறங்கிக்கிடக்கும் காசநோயைத் தட்டி எழுப்பிவிடக்கூடும் என்பதால், தொடங்குமுன் மாண்டூ என்னும் காசநோய்த் தோல் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனையும் செய்தே தீர வேண்டும். அடலிமுமாப், இன்ஃப்ளிக்சிமாப் போன்றவற்றுக்கு எதிராக உடலே எதிர்ப்பொருள் உருவாக்கி, நன்றாக வேலை செய்த மருந்தைப் பின்னர் செயலிழக்கச் செய்வதும் உண்டு. மெதோட்ரெக்சேட்டைத் தொடர்வது அதைக் குறைக்கிறது. ஒன்று அவ்வாறு தோற்றால் அதே வகையில் இன்னொன்றை முயலலாம். முதலிலிருந்தே பலன் தராதிருந்தால் வேறு வகைக்குப் போவதே பொருத்தமாகப் படுகிறது. இந்த ஊசிகளை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைத்திருக்க வேண்டும். 2022இல் மணிக்கணக்கில் மின்சாரம் நின்ற நாட்களை நினைவில் வைத்திருக்கும் எவருக்கும் இது சிறிய விடயமாகத் தெரியாது.

ரிட்டுக்சிமாப் உயிரியல் மருந்துகளிலேயே வேறு வகை. 1000 மில்லிகிராம் வீதம் இரண்டு வார இடைவெளியில் இரண்டு தடவை வைத்தியசாலையில் ஏற்றுகிறார்கள். பலன் பெரும்பாலும் ஆறு மாதமளவில் நீடிக்கிறது, வீட்டில் குளிர்சாதனப்பெட்டி தேவையில்லை. இந்த நோயில் பலருக்குக் காணப்படும் முடக்குவாதக் காரணி, சி.சி.பி. எதிர்ப்பொருள் என்னும் எதிர்ப்பொருள்களில் ஒன்றாவது குருதியில் உள்ளவர்களுக்கு இது கூடுதலாகப் பலிக்கிறது. இன்னொரு உயிரியல் மருந்தான டொசிலிசுமாப்பைத் தனியாகவும் கொடுக்கலாம் என்பதால் மெதோட்ரெக்சேட் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நல்லது. ஆனால் அது சி.ஆர்.பி.யை நேரடியாகக் குறைத்துவிடுவதால், காய்ச்சலோ தொற்றோ வரும்போது குருதிப் பரிசோதனை ‘எல்லாம் சரி’ என்று ஏமாற்றக்கூடும். அந்த மருந்தில் இருப்பவர் எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைச் சொல்ல வேண்டும்.

டொஃபாசிட்டினிப், பரிசிட்டினிப் போன்ற ஜாக் தடுப்பிகள் (செல்லுக்குள் அழற்சிச் சைகையைக் கடத்தும் ஜாக் நொதிகளைத் தடுப்பவை) வெறும் குளிசைகள்; விரைவாகவும் வேலை செய்கின்றன. அதனால் ஆசை எழுவது இயல்பு, எனக்கும் எழுந்தது. ஆனால் 50 வயதும் அதற்கு மேலும் ஆகி, இதயநோய்க்கான ஆபத்துக் காரணி ஒன்றாவது உள்ளவர்களிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் நிகழ்வுகள் டொஃபாசிட்டினிப் எடுத்தவர்களில் 3.4 சதவீதத்தினருக்கும் டி.என்.எஃப். தடுப்பி எடுத்தவர்களில் 2.5 சதவீதத்தினருக்கும் நேர்ந்தன. புற்றுநோய் முறையே 4.2, 2.9 சதவீதம். அக்கி வருவதும் கூடுதல். இளவயதில், புகைக்காத, இதயம் நன்றாக உள்ள ஒருவருக்கு இந்தக் கணக்கு வேறாக இருக்கலாம். இரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே குளிசை எடுக்கும் என் வயதினருக்கு, வேறு வழிகள் இருக்கும்போது இது முதல் தெரிவாக முடியாது.

மருந்துகளுக்கிடையே எது வலியது என்று பார்ப்பதைவிட, யாருடைய உடலில் வேறு என்ன இருக்கிறது என்று பார்ப்பதே தெரிவைத் தீர்மானிக்கிறது. என் மச்சாளுக்கு அடலிமுமாப் சிறப்பாக வேலை செய்கிறது என்பது அவருடைய நுரையீரலையும் அவருடைய வீட்டு வசதியையும் சேர்த்த கணக்கு. என் குருதியில் சி.சி.பி. எதிர்ப்பொருள் அதிகம், உயர் இரத்த அழுத்தமும் உண்டு. ஆகவே நானும் மருத்துவரும் பேசி, மெதோட்ரெக்சேட்டை ஊசியாக மாற்றி, மும்மருந்தின் மற்ற இரண்டையும் சேர்த்திருக்கிறோம். மூன்று மாதத்தில் தெளிவான முன்னேற்றமும் ஆறு மாதத்தில் இலக்கும் எட்டவில்லையென்றால் அடுத்தது ரிட்டுக்சிமாப். அதை ஏற்றிய பின் தடுப்பூசிகள் சரியாகப் பலிக்காது என்பதால், போட வேண்டியவற்றை இப்போதே போட்டுக்கொள்ளச் சொன்னார். ஹெபடைட்டிஸ் பி பரிசோதனைக்கும் குருதி கொடுத்தாகிவிட்டது.