இரண்டு நாள் பயிற்சி, மூன்று வார அலைச்சல்

இன்சூரன்ஸ் மோசடியைக் கண்டறிவது பற்றி, புலனாய்வாளர்களையும் கிளெய்ம் பிரிவினரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பயிற்சி நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. தேதி, இடம், பட்ஜெட் எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தன. சிக்கல் ஃபைல்களில்தான்.

முடிந்துபோன உண்மையான கிளெய்ம்களை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். பெயர்களை மறைத்துக் கொண்டுவரச் சொன்னது சட்டப் பிரிவு. கொண்டுபோனேன். வண்டி எண்ணையும் மறைக்கச் சொன்னார்கள். மறுபடி போனேன். பிறந்த தேதியும், போட்டோவில் தெரியும் வீட்டு எண்ணும் இருக்கக் கூடாதாம். முதல் தடவையே முழுதாகச் சொல்லியிருந்தால் இரண்டு நடை மிச்சம். இதில் நானும் ஒரு தவறு செய்தேன். பிடிஎஃபில் பெயர்மேல் கறுப்புப் பட்டை போட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். அடியில் இருந்த எழுத்தை அப்படியே காப்பி எடுக்க முடிந்தது! கறுப்படித்த பக்கத்தை பிரின்ட் எடுத்து, திரும்ப ஸ்கேன் செய்துவிடுங்கள்.

முதல் நாள் காலை அடுத்த அடி. போட்டோவுக்குள் பதிவாகியிருக்கும் தேதி, நேரத்தை வைத்துப் பழைய சேதத்தைப் புதிதாகக் காட்டும் மோசடியைப் பிடிக்கும் பயிற்சி அது. படங்களைத் திறந்தால் எந்தத் தகவலும் இல்லை. சக ஊழியர் அவற்றை மெசேஜ் செயலியில் சாதாரணப் படமாக அனுப்பியிருக்கிறார். அதிலேயே எல்லாம் அழிந்துவிட்டது. ஒரு நிமிடம் கைகால் ஓடவில்லை. பிறகு அதையே பாடமாக்கினேன். வாடிக்கையாளர்களும் இப்படித்தானே அனுப்புகிறார்கள்? தகவல் இல்லை என்பதற்காக ஒருவரை மோசடிக்காரர் என்று எழுத முடியாது. அசல் கோப்பைக் கேளுங்கள், போனையே காட்டச் சொல்லுங்கள்.

மதியம் இரு தரப்புக்கும் வாக்குவாதம். "வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டு எங்களைக் கூப்பிடுகிறீர்கள்" என்றார் ஒரு புலனாய்வாளர். அவர் சொன்னது நியாயம். மோதுவதற்கு முந்தைய சில விநாடிகளின் வேகமும் பிரேக் விவரமும் பல கார்களின் பதிவுக் கருவியில் இருக்கும். கார் போனால் அதுவும் போச்சு. சந்தேகம் வந்த அன்றே வண்டியை நிறுத்திவைக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஆனால் என்னை இன்னும் உறுத்துவது இரண்டாம் நாள் நடந்ததுதான். தீ விபத்து வகுப்பில், நாங்கள் அழைத்திருந்த பயிற்சியாளரே, ஜன்னல் கண்ணாடியில் வலைபோல் நுண்ணிய விரிசல் இருந்தால் எரிபொருள் ஊற்றிக் கொளுத்தியதாக அர்த்தம் என்று சொல்லிவிட்டார். பாதிப் பேர் குறித்துக்கொண்டார்கள். அது எப்போதோ தவறென்று நிரூபணமான நம்பிக்கை. சூடேறிய கண்ணாடியில் தண்ணீர் பட்டாலே அப்படி விரிசல் விடும். தீயை அணைக்க அடிக்கும் தண்ணீரே போதும். 1992-ல் முதலில் வெளிவந்த தீ விசாரணைக் கையேடான என்.எஃப்.பி.ஏ. 921-ன் இப்போதைய பதிப்பை எடுத்து, அந்தப் பகுதியை எல்லோர் முன்னாலும் வாசித்தேன். அவர் முகம் சுருங்கியது. எனக்கும் சங்கடம்தான், ஆனால் விட முடியவில்லை. அந்த ஒரு வரியால் வீட்டைப் பறிகொடுத்தவருக்கு இழப்பீடும் இல்லாமல் போகலாம். வெளியாள் யாரை அழைத்தாலும் ஸ்லைடுகளை முன்பே வாங்கிப் படித்துவிடுங்கள்.

அடுத்த வாரம் பயிற்சிக்கு வந்திருந்த ஒருவர் போன் செய்தார். தான் நிராகரிக்கச் சொல்லியிருந்த ஒரு தீ விபத்து ஃபைலைத் திரும்ப எடுத்திருக்கிறாராம். காரணங்களில் முதலாவதாக அவர் எழுதியிருந்தது கண்ணாடி விரிசலைத்தான்.