தாய்களின் பக்கமிருந்து ஒரு பொலிகுதிரை

மெல்பேர்ணில் இருக்கும் என் மருமகன், நண்பர்களுடன் சேர்ந்து, தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனத்தில் ஒரு பெட்டைக் குதிரையில் பங்கு வாங்கியிருக்கிறான். பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற குதிரை. இனிக் குட்டி போட வேண்டியதுதான் அதன் வேலை. எந்தப் பொலிகுதிரையுடன் சேர்க்கலாம் என்று பண்ணைக்காரர் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். "மாமா, வன்னி முழுவதும் மாடுகளுக்குச் சினைப்படுத்தித் திரிந்தவர் நீங்கள். இதையும் பார்த்துச் சொல்லுங்கள்" என்று அதை அப்படியே எனக்கு அனுப்பிவிட்டான்.

கிளிநொச்சியிலும் பூநகரியிலும் கால்நடை உத்தியோகத்தராக வேலை செய்தவன் நான். குதிரையோடு பழகியவன் அல்லன். ஆனாலும் ஒரு தந்தை விலங்கை எப்படி மதிப்பிடுவது என்ற கேள்வி எனக்குப் பழக்கமானது. நாம்பன், அதாவது காளை, பால் கறப்பதில்லை. அது நல்லதா இல்லையா என்பதை அதன் பெண் கன்றுகள் ஈன்று, பால் கறந்த பிறகுதான் அறியலாம். பொலிகுதிரையோ தானும் ஓடியிருக்கிறது, அதன் பிள்ளைகளும் ஓடுகின்றன. இரண்டு சான்றுகள் கையில் இருப்பதால் வேலை சுலபம் என்று தோன்றும். உண்மையில் முதலாவது சான்றுதான் ஆட்களை மயக்குகிறது.

பட்டியலின் முதற்பெயர் ஓர் இளம் குதிரை. பெரிய வெற்றிகளோடு ஓய்வுபெற்று, அந்தப் பருவத்தில்தான் முதன்முறையாகப் பொலிக்கு விடப்படுகிறது. மருமகனுக்கு அதன் மேல்தான் கண். அதன் ஓட்டப் பதிவை வரிவரியாகப் பார்த்தேன். எத்தனை முறை வென்றது என்பதை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். எந்தத் தரப் பந்தயம், எத்தனை மீற்றர், எவ்வளவு சுமை, தரை எப்படி இருந்தது, பின்னால் வந்த குதிரைகள் பிறகு என்ன சாதித்தன: இவைதான் முதலில். அவுஸ்திரேலியாவில் தரைக்கு 1 முதல் 10 வரை இலக்கம் போடுகிறார்கள். 8 அல்லது அதற்கு மேல் என்றால் சேறு. சேற்றில் மட்டும் வென்ற குதிரையும் காய்ந்த தரையில் வென்ற குதிரையும் ஒன்றல்ல. இந்த இளம் குதிரை எல்லாவற்றிலும் தேறியது. நல்ல ஓட்டக்காரன் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

ஆனால் நல்ல ஓட்டக்காரன் நல்ல தந்தையாவான் என்று எந்த உறுதியும் இல்லை. 1973 இல் அமெரிக்காவின் பெல்மொண்ட் பந்தயத்தை 31 குதிரை நீள இடைவெளியில், 2 நிமிடம் 24 விநாடியில் வென்ற செக்ரட்டேரியற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தை இன்றுவரை எந்தக் குதிரையும் அந்தப் பந்தயத்தில் முறியடிக்கவில்லை. 1990 மெல்பேர்ண் கிண்ணத்தை வென்ற கிங்ஸ்டன் ரூல் அதன் மகன்தான். இருந்தும் தன்னைப் போன்ற மகன்களை அது கொடுக்கவில்லை என்றே வளர்ப்பாளர்கள் சொன்னார்கள். அதன் பெருமை மகள்களின் வழியாக வந்தது: ஸ்ரோர்ம் கற், ஏ.பி. இன்டி என்ற இரண்டு பெரும் பொலிகுதிரைகளும் அதன் பேரன்கள். தொடர்ந்து 16 பந்தயங்களை வென்ற சிகார் மலடாகப் போனது. மறுபக்கம், மூன்றே மூன்று முறை ஓடி மூன்றையும் வென்று, முழங்கால் கோளாறால் நிறுத்தப்பட்ட டான்சிக், அமெரிக்காவின் முதன்மைத் தந்தையானது; அதாவது பிள்ளைகள் வென்ற பரிசுத்தொகைப் பட்டியலில் முதலிடம். ஐ ஆம் இன்வின்சிபிள் உயர்பந்தயங்களின் மூன்றாம் தரத்துக்கு (Group 3) மேல் வென்றதில்லை. அதுவே பின்னர் அவுஸ்திரேலியாவின் முதன்மைத் தந்தையானது.

ஆகவே பிள்ளைகளிடம் போனேன். இங்கேதான் மாட்டுக் கணக்கு கைகொடுத்தது. மாட்டுக்கும் குதிரைக்கும் உள்ள பெரிய வேறுபாடும் தெரிந்தது. தரோபிரெட்டில் செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்கு இடமில்லை. நேரடியாகச் சேர்ந்து பிறந்த குட்டியைத்தான் பதிவேடு ஏற்கும். வன்னியில் உறைவிந்துக் குழாயை யாருடைய பசுவுக்கும் போடலாம்: நகரத்துத் தொழுவத்தில் புண்ணாக்கு தின்னும் கலப்பினப் பசுவுக்கும், அறுவடை முடிந்த வயலில் மேயும் நாட்டுப் பசுவுக்கும் ஒரே காளை. குதிரையில் அப்படியில்லை. கட்டணம் கூடிய பொலிகுதிரையிடம் மிகச் சிறந்த பெட்டைகளே போகின்றன. பிள்ளைகள் வென்றால், அது தகப்பனாலா தாயாலா? விளம்பரத் தாள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

வட அமெரிக்காவில் இதற்கு இரண்டு சுட்டெண்கள் வைத்திருக்கிறார்கள். ஒன்று, பொலிகுதிரையின் பிள்ளைகள் பந்தயத்தில் உழைத்த பணத்தின் சராசரி. எல்லாப் பந்தயக் குதிரைகளின் சராசரி 1.00 என்று கொள்ளப்படும். மற்றையது, அதே பெட்டைகள் வேறு பொலிகுதிரைகளுக்குப் போட்ட பிள்ளைகளின் சராசரி. முதலாவது எண் இரண்டாவதை விடக் கூடினால், அந்தத் தந்தை தாய்களின் தரத்துக்கு மேலே எதையோ சேர்த்திருக்கிறது. கூடாவிட்டால், எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் புகழ் தாய்க்குத்தான் உரியது. எனக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. பூநகரியில் ஒரு காளையைப் பற்றிக் கேட்டால் நாங்களும் இதைத்தான் செய்தோம்: அதன் மகளை, ஒரே தொழுவத்தில் ஒரே தீனி தின்ற, வேறு காளையின் மகளோடு ஒப்பிட்டோம்.

பட்டியலில் இருந்த குதிரைகளுக்கு அந்த ஒப்பீட்டு எண் என்னிடம் இல்லை. மருமகனை இணையத்தில் தேடவிட்டு, ஒரு கொப்பியில் நானே எழுதத் தொடங்கினேன். ஒவ்வொரு பொலிகுதிரைக்கும் சில பெட்டைகள். ஒவ்வொரு பெட்டையும் இந்தக் குதிரைக்குப் போட்ட பிள்ளை என்ன செய்தது, மற்றக் குதிரைகளுக்குப் போட்டவை என்ன செய்தன என்று இரண்டு நிரல்கள். வென்றவற்றின் தாய்களை மட்டும் எடுக்காதே, ஓடாமலே போனவற்றின் தாய்களையும் எடு என்று அவனுக்குச் சொன்னேன். பரிசுத்தொகைப் பட்டியலை நான் பெரிதாக நம்பவில்லை. 2017 இல் தொடங்கிய எவரெஸ்ட் பந்தயத்தின் மொத்தப் பரிசு இப்போது 2 கோடி அவுஸ்திரேலிய டொலர். அதை ஒரு பிள்ளை வென்றாலே தகப்பனின் பெயர் ஏணியில் ஏறிவிடும். மற்றப் பிள்ளைகள் படுத்துக் கிடந்தாலும் தெரியாது.

இந்த வேலையைச் செய்யும்போது எனக்கு ஒரு ஏக்கமும் இருந்தது. குதிரைகளின் வம்சப் பதிவேடு 1791 இல் இங்கிலாந்தில் அச்சாகத் தொடங்கியது. எங்கள் பட்டிகளுக்கு அப்படி ஒன்று இருந்ததில்லை. 2008, 2009 இடப்பெயர்வில் மாடுகளை அவிழ்த்துவிட்டுப் போன சனம், திரும்பி வந்து மாட்டில் சுட்ட குறியைப் பார்த்துத்தான் தங்கள் மாட்டை அடையாளம் கண்டது. குறி உரிமையாளரைச் சொல்லும், தகப்பனைச் சொல்லாது.

கொப்பி நிறைந்தபோது பட்டியலின் நடுவில் இருந்த ஒரு வயதான குதிரை மேலே வந்தது. கட்டணம் நடுத்தரம். பெரிய பெயர் பெற்ற பிள்ளை அதற்கில்லை. ஆனால் சாதாரணப் பெட்டைகள் கூட மற்றக் குதிரைகளுக்குப் போட்டதை விட இதற்குப் போட்ட பிள்ளைகள் தெளிவாக மேல். மருமகன் ஆட்களுடைய பெட்டை நீண்ட தூரக்காரி. இந்தத் தந்தையின் பிள்ளைகள் குறுந்தூரத்தில் வேகம் காட்டியவை. அதுவும் பொருந்தியது.

மருமகன் உடனே சம்மதிக்கவில்லை. "மாமா, புதிய குதிரையின் குட்டிக்கு ஏலத்தில் விலை அதிகம்." அவன் சொன்னது சரிதான். முதற்பருவக் குட்டிகளுக்குச் சந்தையில் ஆசை அதிகம், ஏனென்றால் அவற்றின் தகப்பன் இன்னும் தோற்கவில்லை. சேர்த்த அடுத்த ஆண்டு குட்டி. அது இரண்டு வயதில் ஓட, முடிவு தெரிய மூன்று நான்கு ஆண்டுகள். விற்பதற்கென்றால் இளம் குதிரை. வைத்து ஓட்டுவதற்கென்றால் நான் காட்டியது. எது வேண்டும் என்று உங்களுக்குள் முதலில் பேசுங்கள் என்றேன். வைத்து ஓட்டுவதென்று அவர்கள் முடிவெடுத்தார்கள்.

பெட்டை இப்போது சினை. கடைசியாக நான் கேட்டது சேர்த்த திகதியைத்தான். அவுஸ்திரேலியாவில் எல்லாத் தரோபிரெட்டுக்கும் ஓகஸ்ட் 1 பிறந்தநாள். ஜூலை 31 இரவு பிறக்கும் குட்டிக்கு மறுநாளே ஒரு வயது என்று ஏடு எழுதிவிடக்கூடும். சினைக்காலம் பதினொரு மாதம் என்பதால் அங்கே செப்டெம்பரில்தான் சேர்க்கத் தொடங்குகிறார்கள். இவர்கள் சேர்த்தது ஒக்டோபரில். போதும், பயமில்லை என்று எழுதி அனுப்பினேன்.