அம்மாவுக்கு எண்பதுக்குப் பிறகு வரவேண்டிய 20 சதவீதம்

அப்பா ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் ஹவில்தாராக இருந்தவர். அவர் போனபிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. தண்டையார்பேட்டையில் மாடி வீடு. இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து அம்மா படுக்கைதான். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு ஆயாம்மா வருகிறார். அவர் சம்பளம்தான் கையைக் கடித்தது.

‘கான்ஸ்டன்ட் அட்டென்டன்ஸ் அலவன்ஸ் கேளுங்க’ என்று பலர் சொன்னார்கள். கூடவே இருந்து கவனிக்க ஆள் வைப்பதற்கான படி அது. விசாரித்தால், அது 100 சதவீத ஊன ஓய்வூதியம் வாங்கும் படைவீரருக்கானது, மனைவிக்குக் கிடையாது. அம்மாவுக்கு உரியது வேறு: 80 வயது நிறைந்தால் அடிப்படைத் தொகையில் 20 சதவீதம் கூடுதல். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறில் இரட்டிப்பு (நூறு வரை இருக்க ஆசை காட்டுகிறார்கள்!). கூடுதல் தொகைக்கு அகவிலைப்படியும் உண்டு. ஆனால் 80 தாண்டியும் அம்மா கணக்கில் ஒரு பைசா ஏறவில்லை.

தெருமுனை மாமாவும் பழைய ராணுவக்காரர். பிபிஓ-வை (ஓய்வூதியம் வழங்கும் ஆணையை) வாங்கிப் பார்த்ததுமே, “அம்மா பேர் இருக்குது, பொறந்த தேதி எங்கப்பா?” என்றார். அந்த இடம் காலி. தேதி இல்லாவிட்டால், ராணுவ ஓய்வூதியத்துக்கான இணையதளமான ஸ்பர்ஷ் கணக்கில் அம்மாவுக்கு வயதே ஏறாது.

நல்லவேளை, ஆதாரிலும் பான் கார்டிலும் ஒரே தேதி. அவற்றோடு அப்பாவின் டிஸ்சார்ஜ் புக், பிபிஓ நகல்களை வைத்து, அவர் படைப்பிரிவின் ஆவண அலுவலகமான பெங்களூரு ரெக்கார்ட்ஸுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம், ஸ்பர்ஷிலும் ஏற்றினோம். நடுவில் ஒரு கவுன்ட்டரில் அம்மாவை நேரில் அழைத்துவரச் சொன்னார்கள். அந்தக் குறுகிய படியில் நாற்காலியோடு தூக்கி இறக்க நாலு பேர் வேண்டும் என்றேன். அப்புறம் கேட்கவில்லை.

உயிர்ச்சான்றும் அப்போதுதான் வந்து நின்றது. அம்மாவின் ரேகை தேய்ந்து போய், கருவியில் எந்த விரலும் பதியவில்லை. ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்ச்சான்றுக்கு முகத்தைக் காட்டினாலே போதுமென்று போனில் ஆப் போட்டோம். கண்ணைச் சிமிட்டச் சொன்னால் அம்மா இறுக மூடிக்கொண்டு, “எடுத்துட்டியா?” என்பார். கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தி, ஆயாம்மா எதிரில் நின்று சிமிட்டிக் காட்டியபிறகுதான் முடிந்தது.

கூடுதல் தொகை, 80 நிறைந்த மாதத்தின் முதல் தேதியிலிருந்து கணக்கிட்டு நிலுவையோடு வந்தது. ஆயாம்மாவுக்கு இருந்த பாக்கி தீர்ந்தது. இரவுக்கும் ஆள் போட இது காணாது. நானும் தங்கச்சியும் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம்.