டார்க் ரூம்ல தெரியுற பச்சைப் புள்ளிங்க

நான் வேலை பாக்குறது ஒரு டயக்னாஸ்டிக் லேப்ல, இம்யூனாலஜி செக்‌ஷன். மூட்டு வலி, முடி கொட்டுது, காரணம் தெரியாத காய்ச்சல், முகத்துல தடிப்பு, எதுவா இருந்தாலும் டாக்டருங்க ஏஎன்ஏ (நம்ம செல்லோட நியூக்ளியஸையே குறி வைக்கிற ஆன்டிபாடி ரத்தத்துல இருக்கான்னு பாக்குற டெஸ்ட்) எழுதிடுவாங்க, அதனால எங்களுக்கு சாம்பிளுக்கு பஞ்சமே கெடையாது. நெகட்டிவ்தான் நெறைய, பாசிட்டிவ் வந்தாலும் ஸ்பெக்கிள்ட், ஹோமோஜீனஸ்னு அதே ரெண்டு பேட்டர்ன பாத்துப் பாத்து கண்ணு பூத்துப் போயிரும். அந்த நேரத்துல எப்பவாச்சும் ஒரு சென்ட்ரோமியர் (குரோமோசோமோட இடுப்பு மாதிரி குறுகின இடம்) பேட்டர்ன் வந்துச்சுன்னா பக்கத்து சீட்டுல இருக்குறவங்களையும் கூப்பிட்டு காட்டாம இருக்க முடியாது.

வேலை சிம்பிள்தான். ஸ்லைடுல ஹெப்-2ன்னு லேப்ல வளக்குற மனுஷ செல் ஒட்டியிருக்கும், அது மேல பேஷன்ட் சீரத்தை (ரத்தம் உறைஞ்சப்புறம் பிரியுற தண்ணிய) டைல்யூட் பண்ணி விடுவோம், அரை மணி நேரம் வச்சு கழுவிட்டு, அதுல ஒட்டியிருக்குற ஆன்டிபாடியப் போய் புடிக்கிற, பச்சையா ஒளிர்ற சாயம் சேர்த்த கான்ஜுகேட் விட்டு, மறுபடி கழுவி, லைட்ட அணைச்சுட்டு மைக்ராஸ்கோப்ல பாக்கணும். சென்ட்ரோமியர்னா நியூக்ளியஸ் பூரா கடுகு சிதறின மாதிரி ஒரே சைஸ்ல தனித்தனி புள்ளி இருக்கும். ஆனா அதை மட்டும் பாத்துட்டு பேட்டர்ன் எழுதக்கூடாது, பிரிஞ்சுட்டு இருக்குற செல் ஒண்ணத் தேடிப் புடிக்கணும். மெட்டாஃபேஸ்ல இருக்குற செல்லுல அதே புள்ளிங்க எல்லாம் நடுவுல வந்து ஒரே பட்டையா நிக்கும், அனாஃபேஸ்ல ரெண்டு பட்டையா பிரிஞ்சு ஆளுக்கொரு பக்கமா போயிட்டு இருக்கும். இதே மாதிரி புள்ளியா தெரியுற மத்த பேட்டர்னுங்க, கோர்ஸ் ஸ்பெக்கிள்ட்லயும் சரி, நியூக்ளியர் டாட்ஸ்லயும் சரி, இந்த பட்டை வராது. புதுசா சேர்ந்த பொண்ணு ஒருத்தி கேட்டா, "அக்கா, மனுஷனுக்கு 46 குரோமோசோம்தானே, ஏன் புள்ளி 46 வரல?"ன்னு. நல்ல கேள்வி. ஹெப்-2 கேன்சர் செல், அதுல குரோமோசோம் கணக்கே தாறுமாறு, அதான் 40லருந்து 80 வரைக்கும் வரும்னு கைடுலயே போட்டிருப்பாங்க. தொண்டைக் கேன்சர்லருந்து எடுத்ததுன்னு ரொம்ப நாள் நம்பிட்டு இருந்த செல் லைன் அது, அப்புறம் பாத்தா ஹீலா செல் கலந்து அதுவே மொத்தமா ஆக்கிரமிச்சிருக்கு, அதாவது 1951-ல இறந்துபோன ஹென்ரியெட்டா லாக்ஸ் அம்மாவோட செல்லுதான் இன்னைக்கும் எங்க ஸ்லைடுல இருக்கு.

அந்தப் புள்ளியில பேஷன்டோட ஆன்டிபாடி போய் ஒட்டுறது முக்கியமா சென்ப்-பிங்கிற புரோட்டீன்ல. அதுக்கான ஜீன் 20-வது குரோமோசோமோட குட்டைக் கைல இருக்கு, புரோட்டீன் 599 அமினோ அமிலம் நீளம். சென்ட்ரோமியர்ல 171 எழுத்து டிஎன்ஏ துண்டு ஒண்ணு ஆயிரக்கணக்குல திரும்பத் திரும்ப வரும், அதுல பல துண்டுகளுக்குள்ள 17 எழுத்து அடையாளம் ஒண்ணு இருக்கும், சென்ப்-பி அதைத் தேடிப் போய் புடிச்சுக்கும். கதையில எனக்குப் புடிச்ச இடம் இது கண்டுபிடிச்ச விதம்தான். 1980-ல எங் டான் குழு ஸ்கிளிரோடெர்மா (தோல் இறுகிப் போற நோய்) பேஷன்ட்ஸ் சீரத்தை இதே மாதிரி செல் மேல விட்டுப் பாத்தப்பதான் சென்ட்ரோமியர்ல ஒட்டுற ஆன்டிபாடி தெரிய வந்துச்சு, 1985-ல எர்ன்ஷாவும் ரோத்ஃபீல்டும் அந்த மாதிரி சீரத்தையே கருவியா வச்சு சென்ப்-ஏ, பி, சி மூணையும் அடையாளம் கண்டாங்க, ரெண்டு வருஷத்துல பி-யோட ஜீனையும் க்ளோன் பண்ணிட்டாங்க. அப்ப வரைக்கும் மனுஷ சென்ட்ரோமியர்ல என்னென்ன புரோட்டீன் இருக்குன்னு யாருக்கும் சரியா தெரியாது, நோயாளிங்க ரத்தம்தான் காட்டிக் குடுத்துச்சு.

இவ்ளோ பில்டப் குடுத்தாச்சு, ஆனா இந்த ஜீனே இல்லாத எலிய 1998-ல உருவாக்கிப் பாத்தா அது பாட்டுக்கு ஓடுது, குட்டியும் போடுது! நம்ம ஒய் குரோமோசோம்லயும் அந்த 17 எழுத்து கெடையாது, ஆனாலும் அது ஒழுங்கா பிரிஞ்சுட்டுத்தான் இருக்கு. சென்ப்-ஏ இல்லன்னா கரு தாங்காது, பி இல்லன்னா சமாளிச்சுக்குது, ஆனா எங்க வேலையில பேரு வாங்குறது பி-தான்.

கலெக்‌ஷன் கவுன்டர்ல ஆள் இல்லாதப்ப நானும் போய் ஊசி குத்துவேன். அப்படி ஒருநாள் வந்த ஒரு அம்மா கையை நீட்டும்போதே விரல் எல்லாம் கொஞ்சம் உப்பி, தோல் பளபளன்னு இறுகி இருந்துச்சு, மோதிரத்தை சோப்பு போட்டுதான் கழட்டினாங்களாம். "இட்லி மாவு எடுக்க ஃப்ரிட்ஜ தொறந்தா போதும்மா, விரலு வெள்ளையா போயிடுது, அப்புறம் நீலமாகுது, செத்த நேரம் கழிச்சு செவந்து குத்து குத்துன்னு குத்துது"ன்னாங்க. வருஷக்கணக்கா சத்துக் குறைவுன்னு டானிக் குடிச்சுட்டு இருந்திருக்காங்க. குளிர்ல இப்படி விரல் நிறம் மாறுறதுக்கு ரெய்னாட்ஸ்னு பேரு, நம்ம ஊரு வெயில்ல அத யாரும் நெனைக்கிறதில்ல, குளிர் இல்லையேன்னு விட்டுடுறாங்க, ஆனா ஃப்ரிட்ஜும் ஏசி பஸ்ஸும் எல்லாருக்கும் இருக்கே. அவங்க ஸ்லைட நான்தான் பாத்தேன், நான் நெனச்சபடியே பட்டை கட்டி நின்னுச்சு.

இப்ப நெறைய டாக்டருங்க ஐஎஃப்ஏவே (இந்த மைக்ராஸ்கோப் டெஸ்ட்டே) வேணாம், நேரா ப்ரொஃபைல் ஸ்ட்ரிப் (ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும் ஒரு கோடு விழுற பட்டை) போட்டுருங்கன்னு எழுதுறாங்க, மேனேஜ்மென்டுக்கும் அது சௌகரியம், டார்க் ரூம்ல ஒரு ஆள உக்கார வைக்க வேணாம். ஸ்ட்ரிப் மேல எனக்கு கோவம் ஒண்ணுமில்ல, ஆனா சென்ப்-பி கோடு லேசா விழுந்தாலே மிஷின் பார்டர்லைன்னு போட்டுரும், பேஷன்ட் கூகுள் பண்ணிட்டு ராத்திரி பூரா தூங்க மாட்டாங்க. ஸ்லைடுல சென்ட்ரோமியர் பேட்டர்ன் சுத்தமா இல்லன்னா அந்த லேசான கோட்ட நான் நம்ப மாட்டேன். ஸ்லைடுலயும் இருக்கு, ஸ்ட்ரிப்லயும் திக்கா இருக்குன்னா அது வேற விஷயம், ஸ்கிளிரோடெர்மாவோட ஒரு வகையான லிமிடெட் ஸ்கிளிரோடெர்மா பக்கம் டாக்டர் யோசிச்சே ஆகணும், கண்ணு, வாய் காஞ்சு போற ஷோகிரன்ஸ்லயும் பித்தநாளத்தைத் தாக்குற பிபிசிங்கிற கல்லீரல் நோயிலயும் கூட வரும்.

எங்க டாக்டர் மேடம் கிட்ட சொல்லி இப்ப ரிப்போர்ட்ல கீழ ஒரு வரி சேக்குறோம், ருமட்டாலஜிஸ்ட்ட (மூட்டு, ஆட்டோஇம்யூன் நோய் பாக்குற டாக்டர்) பாக்கவும்னு. சிலர் அதுக்கப்புறமும் டைட்டர் (ஆன்டிபாடி அளவு) கூடிச்சா கொறைஞ்சுச்சான்னு மூணு மாசத்துக்கு ஒருவாட்டி வந்து நிக்கிறாங்க. ஒருவாட்டி தெளிவா பாசிட்டிவ் வந்தா வந்ததுதான், டைட்டர வச்சு நோய் ஏறுதா எறங்குதான்னு சொல்ல முடியாது, இந்த லிமிடெட் வகையில நுரையீரல் ரத்தக் குழாய்ல பிரஷர் ஏறுறதுதான் பின்னாடி பயம். லேப்ல வேலை பாக்குறவ இப்படி சொல்லக்கூடாதுதான், ஆனா அந்தக் காச எங்க கிட்ட குடுக்காம வருஷா வருஷம் எக்கோ (ஹார்ட் ஸ்கேன்) எடுக்க வச்சுக்கங்கன்னுதான் சொல்லி அனுப்புறேன்.