மலிவு எஸ்எம்பிஎஸ்-க்கு ஒரு ரிப்பிள் சோதனை

சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய அந்த எஸ்எம்பிஎஸ்-இன் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) மேல் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பக்கத்து ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர்தான். பெருக்கினால் 192 வாட். பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட்டையே இழுப்பதால், என்னைப் பொறுத்தவரை இது 192 வாட் பெட்டிதான்.

24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு கம்பியால் சேர்த்தால் ஓடத் தொடங்கிவிடும். மல்டிமீட்டரில் 12.1, 5.05 என்று காட்டியது. லோடே இல்லாதபோது இதை வைத்து என்ன சொல்ல?

அதனால் 12 வோல்ட்டுக்கு கார் ஹெட்லைட் பல்பு இரண்டு, 5 வோல்ட்டுக்கு 5 ஓம் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்று. பல்பு ஒன்று சுமார் 5 ஆம்பியர் எடுக்கும். ஆனால் குளிர்ந்த ஃபிலமென்ட் முதல் நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் பெட்டி ட்ரிப் ஆகிவிடுகிறது. ஒன்று எரிந்த பிறகுதான் அடுத்தது. இரண்டும் எரியும்போது 12 வோல்ட் 11.6-க்கு இறங்க, 5 வோல்ட் 5.2-க்கு ஏறியது. இரண்டு வோல்ட்டேஜையும் சேர்த்தே ரெகுலேஷன் செய்யும் (சீராக வைக்கப் பார்க்கும்) மலிவு வடிவமைப்பின் குணம் இது. ஐந்து சதவீத வரம்புக்குள்தான் இருக்கிறது, சரி.

மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும். ரிப்பிளை, அதாவது டிசி வோல்ட்டேஜின் மேல் ஏறி வரும் வேகமான ஏற்ற இறக்கத்தைப் பார்க்க, அதை அலையாக வரைந்து காட்டும் நண்பரின் சர்வீஸ் கடை ஆஸிலோஸ்கோப்புக்குப் போனேன். ஏசி கப்ளிங், 20 மெகாஹெர்ட்ஸ் வரம்பு, ப்ரோப் முனையில் 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக்கும் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக்கும் ஆகிய கெபாசிட்டர்கள், ஏடிஎக்ஸ் விதி (கம்ப்யூட்டர் பவர் சப்ளைக்கான தரநிலை) கேட்பது இதைத்தான். ப்ரோப்பின் நீள கிரவுண்ட் வயர் கிளிப்போடு பார்த்தால் 12 வோல்ட்டில் 300 மில்லிவோல்ட். அதைக் கழற்றி ப்ரோப்பின் குட்டி ஸ்பிரிங்கை மாட்டியதும் 150. மீதிப் பாதி அந்த வயர் வளையம் பிடித்த இரைச்சல். இணையத்தில் ரிப்பிள் படம் போடுபவர்களிடம் நான் முதலில் கேட்பது, கிரவுண்டை எப்படி எடுத்தீர்கள் என்பதுதான்.

12 வோல்ட்டுக்கு அனுமதி 120 மில்லிவோல்ட். ஆக, பெட்டி ஃபெயில். 5 வோல்ட்டில் 42, வரம்பு 50.

டைம்பேஸை (திரையின் நேர அளவை) அகலமாக்கினால் 100 ஹெர்ட்ஸ் ஏற்ற இறக்கம் பளிச்சென்று தெரிந்தது. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் டிசி ஆகும்போது இரட்டிப்பாகி வருவது இது; உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டர்கள்தான் இதைச் சமன் செய்ய வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, பெரிய கெபாசிட்டர்கள் வடிந்ததை மீட்டரில் உறுதி செய்துகொண்டு (உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் டிசி, விளையாட்டல்ல) திறந்தேன். 220 மைக்ரோஃபாரட் இரண்டு, சீரிஸில்; மொத்தம் 110-தான். 12 வோல்ட் வெளியீட்டில் ரிப்பிளை வடிகட்டும் காயில் இருக்க வேண்டிய இடத்தில், போர்டில் அதன் படம் அச்சிட்டிருக்க, ஒரு துண்டுக் கம்பியைப் பற்றவைத்திருந்தார்கள்!

பழைய போர்டிலிருந்து ஒரு சோக்கை (அந்தக் காயிலைத்தான்) கழற்றிப் போட்டதும் 12 வோல்ட் ரிப்பிள் 95-க்கு வந்தது. 100 ஹெர்ட்ஸ் மட்டும் அப்படியே. கம்ப்யூட்டருக்கு வேறொன்று வாங்கிவிட்டேன். இது இப்போது மேசையில் ஃபேனும் எல்இடியும் சோதிக்க.