டாக்ஸிக்காரர் பிடுங்கிய காசும் மில்ஃபோர்டு க்ரூஷியனும்

க்ரூஷியன் என்கிற சின்னக் கெண்டை வகை மீனைப் பிடிக்க இங்கிலாந்தின் மில்ஃபோர்டுக்குக் கிளம்பிய எனக்கு, வழியில் கில்ட்ஃபோர்டில் இறங்கியதுமே வயிறு எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை தண்டவாள வேலையாம், மில்ஃபோர்டுக்கு ரயில் இல்லை, பதிலுக்கு பஸ் விடுகிறோம் என்று பலகை வைத்திருந்தார்கள். அந்த பஸ் வரவே இல்லை. தூண்டில் பை, வலை, மடக்கு நாற்காலி எல்லாவற்றையும் தோளில் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு, வேறு வழியில்லாமல் வாசலில் நின்ற டாக்ஸியில் ஏறினேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு 38 பவுண்டு! கேட்டால் ஞாயிற்றுக்கிழமை ரேட் என்கிறார். லண்டனிலிருந்து வந்த ரயில் டிக்கெட்டே அவ்வளவு ஆகவில்லை. பட்டப்பகல் கொள்ளை, வேறென்ன சொல்ல.

சரி, குளத்துக்கு வருவோம். சர்ரே மாவட்டத்தில் மில்ஃபோர்டு ஸ்டேஷன் பக்கத்தில் மார்ஷ் ஃபார்ம் என்று சில குளங்கள், கோடால்மிங் ஆங்லிங் சொசைட்டி பராமரிக்கிறது. இங்கிலாந்தில் க்ரூஷியன் பிடிக்க ஆசைப்படுகிற எல்லோருக்கும் தெரிந்த இடம். 2015இல் அன்றைய பிரிட்டிஷ் சாதனை க்ரூஷியன் இங்கே ஜான்சன்ஸ் குளத்தில்தான் கிடைத்தது, எடை 2.1 கிலோ. இதென்ன பெரிய எடை, நம்ம ஊர் கட்லா பத்து கிலோ வருமே என்று கேட்பீர்கள். எடையை வைத்து இந்த மீனை அளக்கவே கூடாது. இருபது கிலோ கெண்டைக்காகக் கூடாரம் போட்டு, தூண்டிலில் மாட்டிய மணி அடிக்கும்வரை படுத்துத் தூங்குவதை எல்லாம் நான் தூண்டில் போடுவதாகவே சேர்க்க மாட்டேன். க்ரூஷியனுக்கு நீங்கள் தக்கையை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது.

நான் உட்கார்ந்தது அல்லி இலைகள் ஓரம், கரையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி. ஆழத்தை அளந்து, இரை தரையை லேசாகத் தொடுகிற மாதிரி வைத்து, தக்கையின் முனை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி ஈயக்குண்டு கோத்தேன். தூண்டில் முள் 16ஆம் நம்பர், எதிர்முள் இல்லாதது. இரை அவித்த இறால், சின்னத் துண்டு. இந்த மீன் இரையை வாயில் வைத்துக்கொண்டு நகராமல் அங்கேயே நிற்கும். தக்கை முங்காது, ஓடாது, லேசாக ஒரு நடுக்கம், அல்லது முனை ஒரு மயிரிழை மேலே எழும், அவ்வளவுதான். அதற்குள் சுண்ட வேண்டும். ஆறு மணிவரை ஒன்றுமில்லை. வெயில் மரத்துக்குப் பின்னால் போனதும் அந்த நடுக்கம் வந்தது, சுண்டினேன், கோல் வளைந்து குலுங்கியது.

கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் அந்த அழகை! புளி போட்டுத் தேய்த்த பித்தளைக் குடத்தின் நிறம். உள்ளங்கை கொள்ளாத உயரமான உடம்பு, வாயோரம் மீசை கிடையாது, முதுகுத் துடுப்பு வெளிப்பக்கமாக வில்லாக வளைந்திருக்கும். அந்த வளைவைத்தான் முதலில் பார்க்க வேண்டும், தங்க மீனோடு கலந்த கலப்பினத்தில் துடுப்பு நேராகவோ உள்வாங்கியோ இருக்கும். கலப்பினம் பெருகியதும், வயல்வெளிக் குளங்கள் தூர்ந்ததும் சேர்ந்துதான் அசல் க்ரூஷியனை அரிதாக்கிவிட்டன. அது இங்கிலாந்தின் சொந்த மீனே இல்லை, இடைக்காலத்தில் கொண்டுவந்து விடப்பட்டிருக்கலாம் என்று 2017இல் மரபணு ஆய்வு ஒன்று சொன்னது. சொல்லட்டும், ஐந்நூறு வருஷம் குடியிருந்தவனை யார் வெளியேற்றுவது? குளிர்நாட்டில் பனி மூடிய குளத்தடியில் ஆக்சிஜனே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், உடம்பில் சேரும் லாக்டிக் அமிலத்தைச் சாராயமாக மாற்றிச் செவுள் வழியே வெளியே விட்டுவிடும். அப்படிப்பட்ட உயிரை ஈரத் துணி விரிப்பில் ஒரு நிமிஷம் வைத்துப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் விட்டேன். குழம்பு வைக்கலையா என்று வாட்ஸாப்பில் கேட்கிற அத்தனை பேருக்கும் சொல்கிறேன், இங்கே பிடித்ததைத் திருப்பி விட வேண்டும், அந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

அப்புறம் இருட்டுகிற நேரத்தில் இலையோரம் பொடிப் பொடியாகக் குமிழி வந்தது. டென்ச் என்கிற இன்னொரு மீன் சேற்றைக் கிளறினால்தான் இப்படி வரும். ஸ்வீட்கார்ன் ஒரு மணி கோத்துக் குமிழிக்குப் பக்கத்தில் விட்டேன், தக்கை நிதானமாகச் சரிந்து போனது. அது இழுத்த இழுப்பு இருக்கிறதே! க்ரூஷியன் குலுக்கும், டென்ச் தலையைக் கீழே வைத்துக்கொண்டு அல்லித் தண்டை நோக்கி ஒரே பிடியாகப் போகும். வலையில் வந்தபோது ஆலிவ் பச்சை, செதில் இருப்பதே தெரியாத வழவழப்பு, தடித்த வட்டத் துடுப்புகள், செக்கச் சிவந்த சின்னக் கண். அதன் வழவழப்பில் மற்ற மீன்கள் உரசிப் புண்ணை ஆற்றிக்கொள்ளும் என்று நம்பி டாக்டர் மீன் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். பக்கத்து இடத்துப் பெரியவர் எழுந்து வந்து பார்த்து, நல்ல மீன் என்று தோளில் தட்டிவிட்டு, தன் பிளாஸ்கிலிருந்து டீயும் ஊற்றிக் கொடுத்தார்.

கடைசியாகச் செலவு விவரம். அரசு தூண்டில் உரிமம் 13 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கட்டாயம், ஒரு நாளுக்கு ஏழு பவுண்டுக்குச் சற்று மேல், இணையத்திலேயே எடுக்கலாம். குளத்துக்குத் தனியாக நாள் சீட்டு வேண்டும். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் தடை, குளங்களில் பெரும்பாலும் இல்லை. ரயில் ஓடுகிற நாளில் போனால் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம், அந்த 38 பவுண்டுக்கு இன்னொரு மாலை முழுக்க உட்காரலாம். கிளம்புவதற்கு முன்னால் தண்டவாள வேலை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.